பத்து ரூபாய்க்கும் ரசீது

ஏப்ரல் 14 இரவு. ஏரி உள்வாயில் தண்ணீர் வடிந்த மேட்டில் எங்கள் ஐந்து காலனிப் பிள்ளைகளின் கபடித் தொடர் முடிந்துவிட்டது. ஜெயித்த அணி கோப்பைக்காகக் காத்திருக்கிறது. தோற்ற அணியின் அம்மாக்கள் நடுவரை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பை கொடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் எங்கள் தெருப் பெண் மைக்கைப் பிடித்து, ஒரு நீள நோட்டைப் பிரிக்கிறாள். வரவு, செலவு, கையிருப்பு. ஒரு வரி விடாமல் வாசிக்கிறாள். அதன் பிறகுதான் கோப்பை.

வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்கள். "இதென்னய்யா, கபடிப் போட்டியில கணக்கு வாசிக்கிறீங்க?" என்பார்கள். அந்த நோட்டு எங்களுக்கு எப்படி வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதை இங்கே சொல்லியாக வேண்டும். காலனிக்குக் காலனி இளைஞர் மன்றம் இருக்கிறது. அவற்றில் பல உடைந்து கிடக்கின்றன. உடைந்ததற்குக் காரணம் கேட்டால், பாதி இடங்களில் பணம் என்றுதான் பதில் வரும்.

காணாமல் போன 4,200

நான்கு வருடத்துக்கு முன்பு எங்களிடம் நோட்டு கிடையாது. ஓர் அண்ணன் இருந்தார். கொத்தனார் வேலை. வசூலும் அவர் கையில், செலவும் அவர் கையில். நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் சந்தேகப்படுவது போல் ஆகிவிடும் என்று நினைத்தோம்.

அந்த வருடம் தொடர் முடிந்ததும் யாரோ கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். 4,200 ரூபாய் உதைத்தது. அதே மாதம் அண்ணன் புதுசாக ஒரு கைப்பேசி வாங்கியிருந்தார். அவ்வளவுதான். மேலத்தெரு ஒரு பேச்சு, கீழத்தெரு ஒரு பேச்சு. டீக்கடையில் ஒருவர் அவர் காது படவே, "பிள்ளைங்க கோப்பைக் காசு பேசுது பாரு" என்றார். அன்றிலிருந்து அவர் மைதானத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அடுத்த வருடம் தொடரே நடக்கவில்லை. பிள்ளைகள் சாயங்காலம் பாலத்தின் மேல் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டார்கள்.

உண்மை தெரிய ஒரு வருடம் ஆனது. அண்ணனின் மனைவி ஒரு நாள் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. மைக் செட்டுக்கு முன்பணம் 1,600. மாவட்டத் தேர்வுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன பஸ், சாப்பாடு 1,450. முழங்கால் பிசகிய பையனை ஆட்டோவில் கொண்டுபோய், படம் எடுத்து, மருந்து வாங்கியது 1,150. கூட்டினால் 4,200. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம். "கணக்கு எழுதாதது என் தப்புதான் தம்பி, நீங்க கேக்காதது உங்க தப்பு" என்றார். திரும்ப மைதானத்துக்கு வந்தார். பொறுப்புக்கு மட்டும் வரவில்லை. இன்றும் வரமாட்டேன் என்கிறார். நாங்கள் இழந்த பெரிய தொகை அது. அதை எந்த நோட்டிலும் எழுத முடியாது.

நான்கு விதிகள்

அந்த வருடமே உட்கார்ந்து நான்கு விதிகள் வைத்தோம். முதலாவது, பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது. இரண்டாவது, பணம் ஒருவர் கையில் இருக்கக்கூடாது. வங்கிக் கணக்கிலிருந்து எடுக்க இரண்டு பேர் கையெழுத்து, அந்த இரண்டு பேரும் ஒரே தெருவாக இருக்கக்கூடாது. மூன்றாவது, பணம் வாங்குகிறவர் வேறு, கணக்கு எழுதுகிறவர் வேறு. நான்காவது, இறுதி ஆட்டத்தன்று மைக்கில் முழுக் கணக்கும் வாசித்து, அடுத்த நாள் படிப்பகத்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

கணக்கு எழுத அந்தப் பெண்ணைக் கேட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று வீட்டில் தயங்கினார்கள். அவளே பேசிச் சம்மதிக்க வைத்தாள். கல்லூரியில் படிக்கும் பற்று வரவு முதன்முதலில் ஊருக்குப் பயன்பட்டது இங்கேதான் என்று அவள் சொல்வாள்.

இந்த ஆண்டு அவள் வாசித்ததை அப்படியே தருகிறோம். தொடர் நடத்த நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவும்.

எட்டு அணிகள். பையன்கள் ஆறு, பெண்கள் இரண்டு. அணிக்கு 12 பேர் வீதம் 96 பிள்ளைகள். எட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

வரவு: வேலைக்குப் போகும் இளைஞர்களின் மாதச் சந்தா 24,000. சென்னை, திருப்பூர் என்று போனவர்கள் 60 பேர் மாதம் 50 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். விடாமல் தந்தவர்கள் 40 பேர். ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் நன்கொடை 11,500. கடைசி இரண்டு நாள் துண்டேந்திய வசூல் 6,350. மகளிர் குழு போட்ட டீ, சுண்டல் கடை லாபம் 2,430. ஆளுக்கு 20 ரூபாய் நுழைவுக் கட்டணம் 86 பிள்ளைகளிடம் 1,720. மொத்தம் 46,000.

மீதிப் பத்துப் பிள்ளைகளிடம் கட்டணம் கேட்கவில்லை. எங்கள் கணக்கில் வாசிக்கப்படாத ஒரே விஷயம் அந்தப் பத்துப் பேரின் பெயர்தான்.

செலவு: பனியன் 96-க்கு, ஒன்று 180 வீதம் 17,280. நடுவர் இருவருக்கு நாளைக்கு 400 வீதம் எட்டு நாள் 6,400. மைக், மின்விளக்கு 4,500. வாழைப்பழம், முட்டை, தண்ணீர் 4,400. டிராக்டர் விட்டு மேடு சமன் செய்தது, சுண்ணாம்பு 2,900. கோப்பை, பதக்கம் 2,800. பெண் பிள்ளைகள் ஆட்டம் முடிந்து வீடு திரும்ப ஆட்டோ 2,400. முதலுதவிப் பெட்டி 1,100. நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் 620. மொத்தம் 42,400. கையிருப்பு 3,600.

ஒரு பிள்ளைக்கு என்று பிரித்தால் 442 ரூபாய்கூட ஆகவில்லை. இரண்டு மாதம் ஒரு பிள்ளையை மைதானத்தில் வைத்திருக்க ஆகும் செலவு இவ்வளவுதான்.

இதில் நாங்கள் கற்றவை சில உண்டு. ஆட்டோச் செலவு முதல் வருடம் இல்லை. இருட்டில் எப்படி அனுப்புவது என்று பெற்றோர் பெண் அணியையே நிறுத்தினார்கள். 300 ரூபாய் ஆட்டோ வந்ததும் பெண்கள் வந்தார்கள். பனியனை வீட்டுக்குக் கொடுத்துவிடாமல், துவைத்து வாங்கிப் பெட்டியில் பூட்டுகிறோம். அடுத்த ஆண்டுக்கும் அதுதான். ரொக்கப் பரிசு கிடையாது. பத்தாயிரம், இருபதாயிரம் என்று பரிசு வைத்தால் வெளியிலிருந்து ஆட்களைக் கூலிக்குப் பிடித்து வருகிறார்கள். பின்னாலேயே பந்தயக்காரர்களும் வருகிறார்கள். நம் பிள்ளைகள் எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். கையிருப்பைக் கோப்பைக்குத் தொடுவதில்லை. அது கை கால் அடிபட்டால் எடுப்பதற்கு. 108 வண்டிக்கும் அரசு மருத்துவமனைக்கும் காசில்லை என்பது சரிதான். பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் தாய்க்கு நாலு நாள் கூலி போகிறதே, அதை யார் தருவது?

பேனர் வைத்துத் தருகிறேன் என்றவர்

போன வருடம் ஒரு பிரமுகர் வந்தார். 25,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். எங்கள் பாதிச் செலவுக்கு மேல் வரும். கோப்பைக்கு அவர் பெயர் வைக்க வேண்டும், நுழைவில் அவர் பேனர் இருக்க வேண்டும் என்றார். அதுகூடப் பரவாயில்லை என்று சிலர் நினைத்தோம். எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். "நோட்டீஸ்ல அம்பேத்கர் படம் வேணாம்ப்பா. எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்."

அன்று இரவு படிப்பகத்தில் மூன்று மணி நேரம் பேசினோம். "படம் நெஞ்சில இருக்கு, பிள்ளைக்குப் பனியன் வேணும்" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் வேண்டாம் என்று முடிவானது. அந்த வருடம் பிள்ளைகள் சாயம் போன பழைய பனியனோடு ஆடினார்கள். பக்கத்து ஊர்த் தொடரில் பளபளவென்று ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து சில பிள்ளைகள் எங்களிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு விலை உண்டு. அதைப் பிள்ளைகள்தான் கொடுத்தார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இதனால்தான் இந்த வருடம் சந்தாவை முதல் மாதத்திலிருந்தே கறாராக வாங்கினோம். மாதம் 50 ரூபாய் தரும் 40 பேர் இருந்தால், யாரும் வந்து படத்தை எடு என்று சொல்ல முடியாது.

பாபாசாகேப் பொருளாதாரம் படித்தவர். 1923-இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. அவர் படத்தை நோட்டீஸில் போடுகிறவர்கள் கணக்கையும் ஒழுங்காக எழுத வேண்டும் அல்லவா?

பாலுவின் நான்கு ரூபாய்

பல்வங்கர் பாலுவின் கதையை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். 1892 வாக்கில் புனேயில் வெள்ளையர்களின் ஜிம்கானாவில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்கு மைதானத்தைச் செப்பனிடும் வேலை பார்த்தார். வலைப் பயிற்சியில் வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்குப் பந்து வீசி வீசியே இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். பிறகு புனேயின் இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் வீசும் பந்து வேண்டும். இடைவேளையில் அவருக்குத் தேநீர் வெளியே, தனியாக மண் குவளையில். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். அவ்வளவு எடுத்தும் இந்து அணிக்குத் தலைவராக அவரை ஆக்கவில்லை. அந்தப் பொறுப்பு 1923-இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் வந்தது.

மைதானமும் பணமும் பிறர் கையில் இருந்தால் எவ்வளவு திறமை இருந்தாலும் குவளை வெளியேதான் இருக்கும். பாலு வாழ்க்கையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

எங்கள் மைதானக் கதையும் அதேதான். பெரிய மைதானம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஊருக்குள் இருக்கிறது. விடுமுறை நாளில் கேட்டால், "பிரச்சினை வரும்" என்று ஒரே பதில். அதனால்தான் ஏரி உள்வாய். அதனால்தான் டிராக்டருக்கு 2,900. மழை முந்திப் பெய்தால் அந்த மேடும் இல்லை. அரசு நிதியில் முழுவதுமாகவோ ஒரு பகுதியோ பராமரிக்கப்படும் பொது இடங்களைப் பயன்படுத்த எந்தக் குடிமகனுக்கும் சாதியின் பேரால் தடை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு சொல்கிறது. இதை எழுதி மனுவாகக் கிராம சபையில் கொடுத்தோம். இந்த ஆண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பள்ளி மைதானம் கிடைத்தது. மீதி ஆறு ஞாயிற்றுக்கிழமைக்கு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே மைதானத்தோடு இன்னொன்றும் கேளுங்கள். கலைஞர் பெயரில் தமிழக அரசு ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கியது. உங்கள் ஊராட்சியில் அந்தப் பொருட்கள் எங்கே இருக்கின்றன, யார் பயன்படுத்துகிறார்கள்? அது ஊராட்சிச் சொத்து. காலனிப் பிள்ளைக்கும் அதில் பாத்தியதை உண்டு. ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் வசதிகளுக்காக 2023-இல் அறிவிக்கப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் திட்டத்துக்கு ஐந்தாண்டில் 1,000 கோடி ரூபாய் என்றார்கள். உங்கள் குடியிருப்புக்கு அதில் என்ன வந்தது என்று கேட்டு, பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பதிவு செய்தால் என்ன பயன்?

எங்கள் மன்றத்தை இப்போது பதிவு செய்துகொண்டிருக்கிறோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். விதிமுறைகள் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கை வைத்து, அதைப் பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும். பதிவு செய்யும்போது காட்டும் ஆர்வத்தை அடுத்த வருடம் கணக்கு அனுப்புவதில் காட்டாததால்தான் பல மன்றங்கள் பெயர்ப் பலகையோடு நின்றுபோகின்றன.

பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு ஓர் ஆளின் பெயரில் இல்லாமல் மன்றத்தின் பெயரில் இருக்கும். பான் எண் வாங்கலாம். கொஞ்சம் வளர்ந்தபின் வருமான வரித்துறையில் வரிச் சலுகைக்கான பதிவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். நன்கொடைக்கான பதிவு இருந்தால், பழைய வரி முறையில் இருக்கும் நம் ஆசிரியர்களும் ஊழியர்களும் தரும் நன்கொடைக்கு வரிச் சலுகை கிடைக்கும். அதற்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக்கூடாது. வங்கி வழியாகத்தான் வர வேண்டும்.

ஒரே சாதிக்கான அமைப்புக்கு இந்தச் சலுகை இல்லையாமே என்று சிலர் பயமுறுத்துவார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்பட்டோர், பெண்கள், குழந்தைகளின் நலனுக்கான அமைப்பை அப்படிக் கருதக்கூடாது என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவிலேயே விளக்கம் கொடுத்திருந்தார்கள். படித்த பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செலவையும் அடுத்த ஆண்டிலிருந்து தனித் தலைப்பில் எழுதப்போகிறோம். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு எங்கள் ஏரி மேட்டுச் சான்றிதழ் செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் நடத்தும் உயர்மட்டப் போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் மணத்தியிலிருந்து கிளம்பிய கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். ஊர் மண்ணிலிருந்து அவ்வளவு தூரம் போக முடியும். போவதற்கு முதலில் மாவட்டத் தலைநகருக்கு பஸ் சீட்டு வாங்கியாக வேண்டும். அந்த அண்ணன் நாட்காட்டித் தாளில் எழுதிய 1,450 ரூபாய் அதற்குத்தான் செலவானது. இனி அது ஒளித்துச் செய்கிற செலவாக இருக்காது.

ஆயா கேட்ட கேள்வி

இந்த ஏப்ரல் 14 இரவு கணக்கு வாசித்து முடித்ததும், "யாருக்காவது சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று அந்தப் பெண் வழக்கம்போலச் சொன்னாள். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஓர் ஆயா எழுந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பேரன் ஆடவில்லை, ஆட்டம் பார்க்க வந்தவர்.

"எல்லாம் படிச்சியே பாப்பா, நான் துண்டுல பத்து ரூபா போட்டேனே, அதப் படிக்கவே இல்லையே?"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "ஆயா, துண்டு வசூல் ஆறாயிரத்து முன்னூத்தி அம்பதுன்னு படிச்சேனே, அதுக்குள்ள இருக்கு ஆயா" என்றாள்.

"உள்ள இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஆயா.

பதில் சொல்ல எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பத்து ரூபாய்க்கும் ரசீது என்று விதி எழுதியவர்கள் நாங்கள். துண்டில் விழுந்த பத்து ரூபாய்க்கு மட்டும் ரசீது கிழிக்கவில்லை. அவள் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் ஆயாவின் பெயரை எழுதி, எதிரே 10 என்று போட்டாள். அதை மைக்கில் வாசித்தாள். ஆயா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். நாங்கள் கோப்பையைக் கொடுத்தோம்.

அடுத்த ஆண்டு துண்டு பிடிக்கிற பையனோடு ரசீதுப் புத்தகத்தோடு இன்னொரு பையனும் போவான். ரசீதுப் புத்தகத்துக்குக் கூடுதலாக 200 ரூபாய் ஆகும் என்று அச்சகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதையும் நோட்டில் எழுதிவிட்டோம்.